உப்புக் காற்றும் பழைய காரின் வைப்பரும்

பழைய காரில் வைப்பர் ஓடவில்லை என்றால் முதல் பழி மோட்டார் மேல்தான் விழும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மோட்டார் மாட்டு என்பதே பல பட்டறைகளில் சொல்லப்படும் வைத்தியம். புது மோட்டார் மாட்டியதும் வைப்பர் ஓடவும் செய்யும். அடுத்த மழைக்காலத்தில் அதுவும் முனகத் தொடங்கும். ஏனென்றால் கோளாறு மோட்டாரில் இருந்ததே இல்லை. மோட்டாருக்கு வந்து சேரும் மின்சாரத்திலோ, மோட்டார் இழுக்க வேண்டிய சுமையிலோ இருந்தது. இறுகிப்போன கிரீஸ், துருவேறிய எர்த், விறைத்துப்போன ரப்பர் இந்த மூன்றையும் பார்த்து முடித்துவிட்டால், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்துக் கார்களின் வைப்பர் கோளாறுகள் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கோட்டைப்பட்டினம். பக்கத்து ஊரான ஜெகதாப்பட்டினத்தைப் போலவே விசைப்படகுகளும் மீன் வண்டிகளும் நிறைந்த ஊர். இங்கே மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான்; அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். நடுவில் எப்போதாவது ஒரு கோடை மழை. ஆக, வைப்பர் ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் வெயிலில் காய்ந்துகொண்டு சும்மா கிடக்கிறது. பிறகு ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் மணிக்கணக்கில் ஓடச் சொன்னால் அது மறுக்கத்தான் செய்யும். தினமும் தூறுகிற ஊரில் ஓடும் பழைய காரின் வைப்பர் இதைவிட நன்றாக இருப்பதற்கு, ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதே காரணம்.

காற்றில் வரும் உப்பு இன்னொரு பகை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே கசிந்து நீர்த்துவிடும். கரையோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பகலில் உலர்ந்த தூளாகப் படியும் உப்பு, இரவில் ஈரப் படலமாகிறது. பித்தளையும் இரும்பும் துத்தநாக வார்ப்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இந்தப் படலம் புகுந்தால், சிறிய மின்கலம் ஒன்று அங்கே வேலை செய்யத் தொடங்கிவிடும்; அதில் ஏதாவது ஓர் உலோகம் அரிக்கப்படும். வைப்பரின் சுழல்தண்டு, அதைத் தாங்கும் உறை, மோட்டாரை பாடியோடு பிணைக்கும் போல்ட், எர்த் ஒயரின் முனை எல்லாமே இப்படிப்பட்ட சந்திப்புகள்தான்.

தமிழ்நாட்டில் கிளாசிக் கார் என்று இன்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்று, மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, மேற்கு வங்க உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் வரை தயாரித்த அம்பாசடர். இரண்டாவது, பியட் 1100 வழியில் மும்பையில் உருவான பிரீமியர் பத்மினி. மூன்றாவது, நம் மண்ணிலேயே செய்யப்பட்டது: சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதன் மூலமான இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டில் இருந்தது லூகாஸ் நிறுவனத்தின் வைப்பர். அதே 1961ஆம் ஆண்டுதான் ஜோசப் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் தொழிற்சாலை உள்ள அந்த நிறுவனத்தின் பெயர், ஸ்டார்ட்டர் முதல் வைப்பர் மோட்டார் வரை இந்திய வண்டிகளின் மின் பாகங்களில் இன்றும் அச்சாகி வருகிறது. பழைய காரைப் பழுது பார்க்கிறவர் இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், ஆங்கிலேய வழிக் கார்களின் வைப்பர் வேலை செய்யும் விதமும் பியட் வழிக் கார்களின் விதமும் வேறு வேறு.

வைப்பரின் கதை 1903இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன், உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கும் ரப்பர் துடைப்பானுக்கு அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். அதில் அவருக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை. கை வைப்பருக்குப் பிறகு இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால் ஓடும் வைப்பர்கள் வந்தன. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வேகம் குறையும், மேட்டில் ஏறினால் நின்றே போகும் என்ற வினோதமான குறை அவற்றுக்கு உண்டு. பழைய ஜீப்புகளை ஓட்டியவர்கள் அறிவார்கள். அடுத்து வந்தது மின் மோட்டார். விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கெர்ன்ஸ் பெரிய கார் நிறுவனங்களோடு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடி, 1990இல் போர்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றது தனிக் கதை. நம் ஊர்ப் பழைய கார்களில் அந்த வசதி கிடையாது. சும்மா தூறும்போது ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுதான் வழி.

லூகாஸ் முறையில் மோட்டார் ஓரிடத்தில் இருக்கும், வைப்பர்கள் வேறிடத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஒரு நெகிழும் கம்பி. மோட்டாரின் ஆர்மேச்சர் தண்டில் உள்ள புழுப்பல், ஒரு பல்சக்கரத்தை மெதுவாகச் சுற்றும். சக்கரத்தின் ஓரத்தில் நடப்பட்ட முளை, ஒரு சிறு இணைப்புக் கோலை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். அந்தக் கோலின் மறுமுனையில் இருக்கிறது ரேக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கேபிள். சைக்கிள் பிரேக் கேபிள் மேல் இன்னொரு கம்பியை இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றியது போல இருக்கும் இது, இரும்புக் குழாய்க்குள் டேஷ்போர்டின் பின்னால் ஓடுகிறது. வழியில் இரண்டு இடங்களில் குழாய் வெட்டப்பட்டு, அங்கே வீல்பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். ரேக் முன்னும் பின்னும் போகும்போது அதன் சுருள், வீல்பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரத்தைக் கடித்து அப்படியும் இப்படியும் திருப்பும். அந்தச் சக்கரத்தின் தண்டுதான் கண்ணாடிக்குக் கீழே வெளியே எட்டிப் பார்த்து வைப்பர் ஆர்மைத் தாங்குகிறது.

பியட் வழிக் கார்களில் பொதுவாக ரேக் இல்லை. மோட்டாரிலிருந்து இரும்புப் பட்டைகள் நேரே போய் இரு தண்டுகளையும் அசைக்கும். மூட்டுகளில் புஷ் இருக்கும். இதில் கோளாறு கண்டுபிடிப்பது எளிது. ஆர்மைக் கையால் அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறதா, புஷ் தேய்ந்துவிட்டது. கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் பித்தளையிலோ நைலானிலோ கடைந்து வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. ரேக் முறைக்குத்தான் பொறுமை வேண்டும்.

சோதனையை ஸ்விட்சிலிருந்து தொடங்காமல் பியூஸிலிருந்து தொடங்குவது நல்லது. ஆங்கிலேய வழிக் கார்கள் பலவற்றில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரே பியூஸில் பிரேக் விளக்கு, இன்டிகேட்டர், வைப்பர் மூன்றும் தொங்கும். வைப்பரோடு இன்டிகேட்டரும் செத்திருந்தால் பியூஸைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். பியூஸ் எரியாமல், அதைப் பிடித்திருக்கும் கவ்விகளில் பச்சை பூத்திருப்பதும் உண்டு. நைசான உப்புத்தாளால் கவ்வியைத் தேய்த்து, இறுக்கி, திரும்ப மாட்டினால் போதும்.

அடுத்தது எர்த். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரைக் கார்களில் பாதி வழக்கு இங்கேதான் முடிகிறது. பல லூகாஸ் அமைப்புகளில் பியூஸிலிருந்து வரும் ஒயர் நேரே மோட்டாருக்குப் போய்விடும். டேஷ்போர்டில் உள்ள ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அதாவது ஸ்விட்சைப் போடும்போது மோட்டாருக்கு மின்சாரம் தரப்படுவதில்லை, எர்த்தான் தரப்படுகிறது. இது தெரியாமல் ஸ்விட்ச் ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டு, கரண்டே வரவில்லை என்று டேஷ்போர்டைப் பிரிப்பவர்கள் உண்டு. மோட்டாரில் ஸ்விட்ச் ஒயர் சேரும் முனையை ஒரு துண்டு ஒயரால் பாடியின் சுத்தமான இரும்பில் தொட்டால் மோட்டார் ஓட வேண்டும். ஓடினால், குற்றம் ஸ்விட்சிலோ ஸ்விட்சின் எர்த்திலோ. இந்தச் சோதனைக்கு முன் காரின் ஒயரிங் படத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது கட்டாயம். மின்சாரப் பக்கத்தில் ஸ்விட்ச் உள்ள வண்டியில் இதைச் செய்தால் பியூஸ் போகும். மிகப் பழைய ஆங்கிலேய வடிவமைப்புகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எர்த் கெட்டுவிட்டதா, பாதி கெட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கணக்குப் போட்டால் தெரியும். ஹெரால்டு போன்ற கார்களில் இருந்த லூகாஸ் டி.ஆர்.3ஏ வகை மோட்டார், ஈரக் கண்ணாடியில் நன்றாக ஓடும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்தில் துருவால் வெறும் அரை ஓம் மின்தடை வந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கிரீஸ் இறுகி மோட்டார் 5 ஆம்பியர் கேட்கிற நிலைமையில் தொலைவது இரண்டரை வோல்ட். மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்பதரை. அது முனகாமல் என்ன செய்யும்? மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பரை ஓடவிட்டு, ஒரு முனையை மோட்டாரின் உடலிலும் (ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் உள்ள காரில் ஸ்விட்சின் எர்த் முனையிலும்) மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, பூ வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலினோ கிரீஸோ தடவிவிட்டால் உப்புக் காற்று உடனே நெருங்காது. புதிதாக பெயின்ட் அடித்த காரில் வைப்பர் நின்றுபோவது பல நேரம் இதனால்தான். மோட்டாரின் அடியிலும் பெயின்ட் ஏறியிருக்கும்.

டைனமோ பொருத்திய கார்களில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. அறந்தாங்கிக் கடைவீதி நெரிசலில் ஹெட்லைட்டும் எரிய, வைப்பரும் ஓட, வேகம் குறைந்தால் அது கோளாறு இல்லை. அந்தக் காலத்துக் காரின் இயல்பு.

மின்சாரம் சரியாக வந்தும் வைப்பர் ஊர்ந்தால் சுமையைப் பார்க்க வேண்டும். ரேக் முறையில் வைப்பர் ஆர்மைக் கையால் பிடித்துத் தள்ளிப் பார்ப்பது தவறு. புழுப்பல் பின்னோக்கிச் சுழலாது. தள்ளினால் வீல்பாக்ஸின் பல்தான் உடையும். முதலில் இரண்டு ஆர்ம்களையும் கழற்ற வேண்டும். கழற்றும் முன், அவை நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒட்டும் டேப்பால் குறித்துக்கொள்வது பின்னால் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். தண்டின் வரிப்பற்களில் ஆர்மைப் பிடித்திருக்கும் சிறு தகட்டு நாக்கைத் தூக்கிக்கொண்டு, நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். உப்பில் பிடித்துக்கொண்டிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடலாம். ஸ்க்ரூ டிரைவரை நெம்புகோலாக்கினால் பெயின்ட்டும் போகும், சில நேரம் கண்ணாடியும் போகும்.

பிறகு மோட்டாரின் கியர் மூடியைக் கழற்றி, இணைப்புக் கோலை முளையிலிருந்து எடுத்துவிட்டால் ரேக் தனியாகிவிடும். இப்போது ஒரு ஸ்பிரிங் தராசை ரேக்கின் நுனியில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். மீன் ஊரில் தராசுக்குப் பஞ்சம் இருக்காது. லூகாஸ் வகுத்த அளவு 6 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ இழுப்புக்குள் ரேக் குழாயில் நகர்ந்துவிட வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் திறக்கப்படாத காரில் தராசின் முள் இதைத் தாராளமாகத் தாண்டும். தொழிற்சாலையில் வைத்த கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து போய், சோப்பு மட்டும் பழுப்பு நிறப் பிசினாகக் குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே காரணம். மோட்டார் அதுவரை துடைத்தது கண்ணாடியை அல்ல, இந்தப் பிசினை.

ரேக்கை முழுதாக உருவி, டீசலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுருளின் இடுக்குகளைத் தேய்க்க வேண்டும். குழாய்க்குள் கட்டுக்கம்பியில் துணியைக் கட்டி, டீசல் நனைத்து, துணி சுத்தமாக வரும்வரை இழுக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல். குழாயில் எங்காவது நசுங்கல் இருந்தால், அல்லது ஸ்டீரியோ பொருத்தியவர்கள் குழாயை வளைத்து வைத்திருந்தால், எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பயனில்லை, நிமிர்த்தியாக வேண்டும். சுத்தமான ரேக்கில் லித்தியம் கிரீஸை மெல்லப் பூசி உள்ளே தள்ளினால் போதும். அள்ளி அப்ப வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் வைத்தியம் இங்கே கூடாது. நாளடைவில் பிசினாகிவிடும்.

வீல்பாக்ஸைத் திறந்தால் ஒரு சிறு அதிர்ஷ்டம் காத்திருக்கிறது. வைப்பர் முழு வட்டம் சுற்றுவதில்லை. ஆகவே உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் ஒரு பகுதிப் பற்கள்தான் தேய்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் புதிது போலவே இருக்கும். தண்டைப் பாதிச் சுற்று திருப்பிப் பொருத்தினால் புதுப் பற்கள் ரேக்கைக் கடிக்கும். ஆர்ம் தண்டின் எந்த வரியிலும் உட்காரும் என்பதால் இதில் சிக்கல் இல்லை. புது வீல்பாக்ஸ் தேடி அலையும் செலவு மிச்சம். துடைக்கும் போக்கின் இரு முனைகளிலும் ஆர்ம் கொஞ்சம் தயங்கிப் பிறகு துள்ளுகிறது என்றால் தேய்ந்த பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் தண்டு வழியே இறங்கி வீல்பாக்ஸைத் துருப்பிடிக்க வைக்கும், டேஷ்போர்டின் ஒயர்களிலும் சொட்டும். கால் மிதியடி நனைந்திருக்கிறது, எங்கிருந்து தண்ணீர் என்று தெரியவில்லை என்று சொல்லும் வண்டிகளில் இந்த வளையத்தைப் பார்க்கத் தவறக் கூடாது. அந்த ரப்பரில் சில சொட்டு கிளிசரின் விடும்படி பழைய ஆங்கிலேயக் கார்களின் கையேடுகள் சொல்கின்றன. எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், கிளிசரின் கெடுக்காது. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். பட்டறைகளில் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகும் மோட்டார் தயங்கினால் மட்டுமே மோட்டாரைத் திறக்க வேண்டும். உள்ளே பார்க்க வேண்டியது அதிகமில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, தன் கூட்டில் தாராளமாக நகர்கிறதா, அதைத் தள்ளும் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கம்யூட்டேட்டரின் செம்புப் பட்டைகள் கறுத்திருந்தால் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, தேவைப்பட்டால் மிக நைசான உப்புத்தாள் பிடிக்கலாம். எமரித்தாள் கூடாது, அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷை அரைத்துவிடும். பட்டைகளுக்கு இடையே படிந்த கார்பன் தூளை ஒரு மெல்லிய ஊசியால் எடுத்துவிட வேண்டும். புஷ் மாற்ற நேர்ந்தால், நுண்துளை வெண்கல புஷ்ஷை 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டுப் பொருத்துவது முறை. ஆர்மேச்சர் எரிந்த வாடை வந்தால் காயில் கட்டுபவரிடம் போக வேண்டியதுதான். விசைப்படகுகளின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பார்க்கும் எலக்ட்ரீசியன்கள் இருக்கும் கரை இது. வைப்பர் மோட்டார் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் தானே ஓடுகிற மோட்டாரைக் கண்டு சிலர் பயந்துபோவார்கள். சில வகைகளில் சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. அது தன் கடமையைச் செய்கிறது. சுமை அதிகம் என்று சொல்கிறது. அந்தப் பாதுகாப்பைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிடுவது மோட்டாருக்குக் கொள்ளி வைப்பது.

ஸ்விட்சை அணைத்ததும் வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிடுவதும், அணைத்தாலும் நிற்காமல் ஓடுவதும் ஒரே இடத்துக் கோளாறுகள். கியர் மூடியின் மேல் ஒரு சிறு எல்லை ஸ்விட்ச் இருக்கிறது. டேஷ்போர்டு ஸ்விட்சை அணைத்த பிறகும், வைப்பர் ஓரத்துக்கு வந்து சேரும்வரை மோட்டாருக்கு எர்த் இணைப்பை விடாமல் வைத்திருப்பது அதன் வேலை. அதன் தொடுமுனைகள் அழுக்கேறினால் வைப்பர் நடுவில் நிற்கும்; ஒட்டிக்கொண்டால் ஓயாமல் ஓடும். சுத்தம் செய்து, மூடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, வட்டத் தகட்டைச் சில டிகிரி திருப்பித் திருப்பி, வைப்பர் கண்ணாடியின் அடியோரத்தில் வந்து படுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து இறுக்க வேண்டும். ஆர்மைக் கழற்றி வேறு வரியில் மாட்டிச் சமாளிப்பது தவறு; அது துடைக்கும் எல்லையையே நகர்த்திவிடும், மறுபக்கத்தில் பீடிங்கில் போய் இடிக்கும்.

பிளேடு, ரப்பர் சமாச்சாரம் சின்னது போலத் தோன்றினாலும் ஓட்டுநருக்குக் கண் தெரிவதும் தெரியாததும் அதில்தான் இருக்கிறது. ரப்பரின் விளிம்பு கூர்மையாக, வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். வெயில் அதை விறைக்க வைக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். ரப்பர் மட்டும் கிடைத்தால் ரப்பரை மாற்றலாம். இல்லையென்றால் பிளேடோடு மாற்ற வேண்டும், அதே நீளத்தில். நீளமான பிளேடு போட்டால் அதிகம் துடைக்கும் என்ற நினைப்பில், பழைய மோட்டாரின் மேல் சுமை ஏற்றியவர்கள் பலர். பிளேடு ஒரு திசையில் வழுக்கியும் மறு திசையில் தடதடத்தும் போனால், ஆர்மின் நுனி முறுகியிருக்கிறது. பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்வரை ஆர்மின் நுனியை இரண்டு கொறடுகளால் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டால் தடதடப்பு நிற்கும். ஆர்மின் கீழ் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால், வேகமாகப் போகும்போது காற்று பிளேடைத் தூக்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்றில் இது உடனே தெரியவரும்.

கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். கரையோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் காரைக் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். மார்கழிப் பனியில் ஈரமும் உப்பும் சேர்ந்து படிந்த கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாமல் வைப்பரைப் போட்டால், இடையில் சிக்கும் மணல் வில் வடிவக் கீறல் போட்டுவிடும். பழைய காரின் கண்ணாடிக்கு மாற்று கிடைப்பது மோட்டாருக்கு மாற்று கிடைப்பதைவிடக் கடினம். மெழுகு பாலிஷும் சிலிக்கான் பாலிஷும் கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் எந்தப் புது பிளேடும் கோடு கோடாகத்தான் துடைக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கண்ணாடியையும் ரப்பரின் விளிம்பையும் துடைத்தெடுப்பது இதற்கு மருந்து.

நடுவழியில் வைப்பர் நின்றுவிட்டால் ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் பழைய உபாயம் ஒன்று உண்டு. பீடியையோ சிகரெட்டையோ பிரித்து, புகையிலைத் தூளை ஈரக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். வெட்டிய உருளைக்கிழங்கும் இதற்கு உதவும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாக விரிந்து இறங்கும். பார்வை ஓரளவு தெளியும். மழை ஓயும் இடம்வரை மெதுவாகப் போய்ச் சேர அது போதும். அதை நம்பி இரவில் மணமேல்குடியிலிருந்து தொண்டி வரை ஓட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

உதிரிபாகம் தேடுகிறவர்களுக்கு சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் இன்னும் கைகொடுக்கின்றன. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பல்லின் எண்ணிக்கையும் தண்டின் நீளமும் ஒப்பிட்டு வாங்க வேண்டும்; கார் பெயரைச் சொல்லி வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. வேறு நவீன காரின் இரட்டை வேக மோட்டாரை வெல்டிங் செய்து மாட்டும் பழக்கமும் பரவியிருக்கிறது. அதன் துடைப்புக் கோணம் வேறு, இழுக்கும் பலம் வேறு. பழைய ரேக்கும் வீல்பாக்ஸும் அந்தப் பலத்தைத் தாங்காமல் பல் உதிரும். காரின் அசல் தன்மையும் போய்விடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 101ஆம் விதி, முன்கண்ணாடி உள்ள வண்டிக்குச் சக்தியால் இயங்கும் ஒழுங்கான வைப்பர் வேண்டும் என்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பது இதனால்தான். 50 ஆண்டு கடந்த கார்களை 2021இல் வந்த திருத்தத்தின்படி வின்டேஜ் வாகனமாகத் தனி வரிசையில் பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம்.

கோட்டைப்பட்டினம் போன்ற கரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள், மழை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி இரண்டு நிமிடம் வைப்பரை ஓடவிட வேண்டும். வெயிலில் நிறுத்தும்போது பிளேடுக்கு அடியில் ஒரு துண்டு அட்டை வைத்துத் தூக்கிவிடலாம். எர்த்தும் கிரீஸும் பார்க்கும் வேலையைச் செப்டம்பர் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் எலக்ட்ரீசியன் கடையில் வரிசை நிற்கும்.